பொன்மலை மாஸ்டர்

பொன்மலையில் யாரும் கடிகாரம் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் எழுந்தோம், ஊதினால் சாப்பிட்டோம். காலை வேலைச் சங்குக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பதுதான் மாஸ்டரின் யோகா வகுப்பின் ஒரே சட்டம். சங்கு ஊதிவிட்டால் தெரு முழுக்க சைக்கிளாகிவிடும். அந்தச் சத்தத்தில் மூச்சு காதில் விழாது என்பார்.

அவர் அந்த ஒர்க்‌ஷாப்பிலேயே ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊட்டி மலை ரயிலின் இன்ஜின்கள்கூட பழுதுபார்க்க அங்கேதான் வரும். இன்ஜினில் எங்கே கோளாறு என்று கழற்றிப் பார்க்காமல், காதை வைத்தே சொல்லிவிடுவாராம். அப்பா அடிக்கடி சொல்லும் பெருமை இது. இடுப்பு வலிக்கு வைத்தியம் தேடி ரயில்வே பாஸில் மெட்ராஸ் போனவர், யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் படித்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார். இடுப்பு சரியான பிறகும் போவதை நிறுத்தவில்லை.

எனக்கு இழுப்பு. ஐப்பசி பிறந்தால் அப்பத்தா மடியில் உட்கார்ந்தபடியேதான் ராத்தூக்கம். மூன்றாம் வகுப்பில் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பத்தாதான் என்னை இழுத்துக்கொண்டு பொன்மலைப்பட்டியில் இருந்த அந்த ஓட்டு வீட்டுக்குப் போனாள். திண்ணையில் பவானி ஜமக்காளம் விரித்திருந்தது. மாஸ்டர் என்னை அதில் உட்காரச் சொன்னார்.

"ஒண்ணும் செய்ய வேணாம் பாப்பா. சும்மா மூச்சு விட்டுக்கிட்டு இரு."

சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தவர், அப்பத்தாவிடம், "உள்ள இழுக்கிறது பத்தலைன்னு நினைச்சு இன்னும் இன்னும் இழுக்குது. விடத்தான் தெரியலை" என்றார். தேதி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் பென்சிலால் குச்சிப் பொம்மைகள் போட்டார். மேல் பார்த்த அம்பு என்றால் மூச்சு உள்ளே, கீழ் பார்த்த அம்பு என்றால் வெளியே. பக்கத்தில் எத்தனை முறை என்று ஒரு எண். அதுதான் என் பாடம்.

அந்தத் திண்ணையில் ஒருவர் தாள் இன்னொருவருக்கு ஆகாது. என் வயதுப் பையன்கள் குனிந்து, காலைப் பின்னால் எறிந்து, தவளை மாதிரி குதித்து முன்னால் வருவார்கள். எனக்கோ கையைத் தூக்கி இறக்குவது, முட்டி போட்டுக் குனிவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, இவ்வளவுதான். பையன்கள் அதற்கு 'கிழவித் தாள்' என்று பேர் வைத்தார்கள். எனக்கு அழுகையாக வரும். ஒருநாள் ஒரு பையனிடம் நெல்லிக்காய் கொடுத்துத் தாளை மாற்றிக்கொண்டேன். மாஸ்டர் தாளைப் பார்க்கவே இல்லை. நான் இரண்டாவது குதி குதித்ததுமே, கண்ணை மூடியபடி, "யாரு அது, மூச்சு ரெண்டா உடையுது?" என்றார்.

அவர் பார்த்ததெல்லாம் மூச்சை மட்டும்தான். கை மேலே கிளம்புவதற்கு ஒரு நொடி முன்னால் மூச்சு கிளம்பியிருக்க வேண்டும். கை நின்ற பிறகுதான் மூச்சு நிற்க வேண்டும். தொண்டையை லேசாகச் சுருக்கி, குறட்டைக்கும் பெருமூச்சுக்கும் நடுவில் ஒரு சத்தத்தோடு விடச் சொல்வார். அந்தச் சத்தம் இழை அறாமல் வந்தால் கால் வளைந்திருந்தாலும் கவலையில்லை. நெற்றி முழங்காலைத் தொட்டுச் சத்தம் அறுந்தால், "போதும், எறங்கு." பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்று யோகாப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யக் கேட்டு ஆள் அனுப்பியது. "கோப்பை கொடுக்கிறவங்களுக்கு மூச்சு கேக்குமா?" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

குதிக்கும் பையன்களும் கிழவித் தாளும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்று பின்னாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1930களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் பையன்களைக் குதிக்க வைத்தவர் இதே கிருஷ்ணமாச்சாரியார்தான். பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் படித்தவர்கள். சென்னைக்குக் குடிவந்த பிறகு, வருகிறவரின் வயது, நோய், தொழில் பார்த்து ஆளுக்கொரு பயிற்சி கொடுத்ததும் அவரேதான். 1989 பிப்ரவரியில், நூறு வயது கடந்து, அவர் காலமானார். செய்தி வந்த அன்று வகுப்பு உண்டா என்று யாரோ கேட்டதற்கு, "மூச்சுக்கு லீவு உண்டா?" என்று மாஸ்டர் திருப்பிக் கேட்டார்.

2015 ஜூன் 21 அன்று, முதல் சர்வதேச யோகா தினத்தில், டெல்லி ராஜபாதையில் 35,985 பேர் ஒன்றாக ஆசனம் செய்ததை டி.வி.யில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் 35,985 காலண்டர் தாளுக்கு மாஸ்டர் எங்கே போவார்? பதஞ்சலியே தம் 195 சூத்திரங்களில் ஆசனத்துக்கு ஒதுக்கியது மூன்றுதான். நிலையாகவும் சுகமாகவும் இருந்தால் போதும் என்கிறார். மைக்கில் எண்ணும் குரலுக்கு யாருடைய சுகம் தெரியும்?

பெரியவர்களுக்கு மூச்சை நீளமாக விடப் பழக்க மாஸ்டர் ஓம் சொல்லச் சொல்வார். ரயில்வே காலனியிலிருந்து வந்த ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி, "ஓம் எல்லாம் எனக்கு வேணாம் மேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "சரி மேடம், ஜீசஸ்னு சொல்லுங்க. மூச்சு முடியிற வரைக்கும் இழுக்கணும், அவ்வளவுதான்." பாய் வீட்டுப் பெரியம்மாவுக்கு அல்லாஹ். பேரப்பிள்ளையோடு வந்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அப்பத்தாவும் சேர்ந்துகொண்டாள். அவளுடைய 'முருகா'வில் அந்த 'கா' எதிர்வீட்டு நாயை எழுப்பிவிடும். மூன்று சாமிகளும் வெவ்வேறு நேரத்தில் முடிவார்கள். யார் முதலில் முடித்தாலும் மற்றவர்களுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பது மாஸ்டர் கட்டளை. ஃபீஸ் கிடையாது. அப்பத்தா பொன்மலைச் சந்தையில் வாங்கிய வாழைப்பழம் கொண்டுபோவாள், ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்கு கேக் அனுப்புவார்.

அப்பாவுக்கு விழுப்புரத்துக்கு மாற்றலானது. தலைகீழாக நிற்காமலே ஊரை விட்டுப் போகிறேனே என்று எனக்கு ஆத்திரம். கடைசியாகச் சொல்லிக்கொள்ளப் போனபோது கேட்டே விட்டேன்: "மாஸ்டர், எனக்குச் சிரசாசனம் எப்போ?"

அவர் அம்மாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு லெட்டர் போடும்மா. ராத்திரி படுத்துத் தூங்குதா, உட்கார்ந்து தூங்குதான்னு மட்டும் எழுதினாப் போதும்."

தை மாதம் அம்மா எழுதினாள், பெரும்பாலும் படுத்துத்தான் தூங்குகிறாள் என்று. பதிலாக ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. நலம் விசாரித்து இரண்டு வரி, மிச்சம் முழுக்கக் குச்சிப் பொம்மைகள். கடைசிப் பொம்மை மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கிச் சாய்த்திருந்தது. பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தார்: 'அம்மா கூட இருக்கும்போது மட்டும். தலை தரையிலேயே இருக்கட்டும்.'