பலகை விற்கிறவன் முதலில் ஆட வேண்டும்

பல்லாங்குழிப் பலகையின் தரம் முழுக்கக் குழியில்தான் இருக்கிறது. ஆழம் கூடிப்போனால் அடியில் தங்கும் கடைசி இரண்டு முத்துகளை விரல் தேடிக்கொண்டிருக்கும். ஆழம் குறைந்தால், வேகமாக அள்ளும்போது ஒரு முத்து பக்கத்துக் குழிக்குத் தாவி, அது யாருடையது என்று சண்டை வரும். என் பலகையில் குழி இரண்டரை அங்குல அகலம், ஓர் அங்குலத்துக்குச் சற்றே குறைந்த ஆழம். அடி தட்டையாக இருக்கக் கூடாது, கிண்ணம் போல உருண்டு வர வேண்டும். நான்கு விரலைச் சேர்த்து ஒரே இழுப்பில் அள்ளினால் குழி சுத்தமாகக் காலியாக வேண்டும். ஆடி ஆடித்தான் இந்த அளவு பிடிபட்டது.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் இண்டூர். புளிக்குப் பேர்போன மாவட்டம். மாசி, பங்குனியில் வீட்டுக்கு வீடு திண்ணையிலும் கொல்லையிலும் புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். கை ஓய்ந்த நேரத்தில் தரையில் கரிக்கோடு போட்டால் ஆடுபுலி. மண்ணில் குழி பறித்தால் பல்லாங்குழி. நான்கு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் கல்லில் தேய்த்து வெள்ளை தெரிய வைத்தால் தாயம் போடலாம். எதற்கும் காசு கிடையாது. பெங்களூரில் குடியேறிய உறவுக்காரர்கள், "அண்ணா, எங்க அபார்ட்மென்ட்ல மண்ணு ஏது? ஒரு பலகை செஞ்சு குடுங்க" என்று கேட்டார்கள். அதன்பிறகு அவர்களின் அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். என் தொழில் இப்படித்தான் தொடங்கியது.

காசில்லாமல் ஆடியதற்கு விலை வைப்பது சரியா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆட்டத்துக்கு நான் விலை வைக்கவில்லை, வைக்கவும் முடியாது. மரத்துக்கும் உழைப்புக்கும் மட்டுமே விலை. ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பது இலவசம். அதைச் செய்யாமல் பலகையை மட்டும் அனுப்பினால் அது கொலுப்படியில் ஒன்பது நாள் இருந்துவிட்டுப் பரணுக்குப் போய்விடும்.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காய்ப்பு ஓய்ந்த மாமரங்களை வெட்டுவார்கள், அந்த மரம் எளிதாகக் கிடைக்கும். உளிக்கு இணக்கமாக இருக்கும், எடையும் குறைவு. ஆனால் பூச்சி விழும், நன்றாகக் காய வைக்காவிட்டால் முறுக்கிக்கொள்ளும். வேம்பில் பூச்சித் தொல்லை குறைவு. புளிய மரத்தின் வைரம் கருத்து அழகாக இருக்கும், உளி முனையைத்தான் தின்றுவிடும். எனக்குப் பிடித்தது வேம்பு. குழியை இயந்திரத்தில் முக்கால்வாசி எடுத்துவிட்டு, கடைசி உருட்டைக் கையால் உளி பிடித்து முடிப்பேன். அதன்மேல் உப்புத்தாள், பிறகு எண்ணெய். பளபளக்கும் வார்னிஷ் பூசுவதில்லை. அதில் முத்து வழுக்கும், விழும் ஓசையும் கெட்டுப்போகும்.

முத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை. ஐந்து ஐந்தாகப் போட்டால் பதினான்கு குழிக்கு எழுபது புளியங்கொட்டை. லேசாக வறுத்து வைத்தால் வண்டு துளைக்காது. மஞ்சாடி விதையும் நல்லது. அழகாக இருக்கிறதே என்று குன்றிமணி கேட்பவர்கள் உண்டு. கொடுக்க மாட்டேன். கடித்துவிட்டால் அது கடும் நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகவே ஆகாது.

இந்தத் தொழிலில் முன்னோடிகள் உண்டு. சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002இல் தொடங்கிய கிரீடா என்ற நிறுவனம் தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி, பரமபதம் எல்லாவற்றையும் விதிமுறைத் தாளோடு பெட்டியில் வைத்து விற்கிறது. மைசூரில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானா என்ற அமைப்பு இந்த ஆட்டங்களுக்கென்றே கண்காட்சி நடத்துகிறது. இன்னும் பின்னால் போனால், நம் நாட்டுப் பச்சீசியைச் சுருக்கி 1890களில் இங்கிலாந்தில் லூடோ என்று காப்புரிமை வாங்கினார்கள். அமெரிக்காவில் வில்லியம் ஜூலியஸ் சாம்பியன் என்பவர் குழியாட்டத்தை ஆளுக்கு ஆறு குழியாக்கி, கலாஹ் என்று பெயர் வைத்து, 1958இல் அதற்காகவே ஒரு நிறுவனம் தொடங்கினார். புதியவர் கையில் கொடுத்ததும் ஆடத் தொடங்கிவிடலாம், அப்படி விதிகளைச் சுருக்கி எழுதியதால்தான் அவை உலகமெங்கும் போயின என்பது என் கணிப்பு.

ஆனால் சுருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் மாவட்டம் இது. குழிக்கு ஐந்தா ஆறா என்பதே வீட்டுக்கு வீடு மாறும். நான்கு சேர்ந்தால் பசு என்று எடுப்பவர்கள் உண்டு, அந்த வழக்கமே இல்லாதவர்களும் உண்டு. வெறுங்குழியைத் துடைத்து அடுத்த குழியை அள்ளுவதிலும் வேறுபாடு உண்டு. அதனால் என் தாளில் ஒரு விதியைத் தெளிவாக எழுதிவிட்டு, கீழே பாதிப் பக்கத்தை வெறுமையாக விடுகிறேன். "உங்கள் வீட்டு வழக்கத்தை இங்கே எழுதுங்கள்" என்பது தலைப்பு. வாங்குகிறவர் நேரில் வந்தால் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் பலகையைக் கட்டிக்கொடுப்பேன்.

தொடங்க நினைப்பவர்களுக்கு நடைமுறை விஷயங்கள் சில. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினை ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. ஆகவே கைவினைஞர் அட்டைக்கு முதலில் விண்ணப்பியுங்கள். பலகை ஆட்டங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. மரப்பலகைக்குக் கூரியர் செலவு கையைக் கடிக்கும். தாயக்கட்டத்தையும் ஆடுபுலியையும் துணியில் தைத்தால் சுருட்டி அனுப்பலாம், தையல் தெரிந்த பெண்களுக்கும் வேலை கிடைக்கும். நவராத்திரிக்கு முன்பும் வைகுண்ட ஏகாதசியை ஒட்டியும் கேட்பு கூடும். சீமந்தத்துக்கும் கல்யாணத்துக்கும் தாம்பூலப் பையில் வைக்கச் சின்னத் தாயத் துணிகள் கேட்கிறார்கள். மற்ற மாதங்களில் வேறு வருமானம் வேண்டும். தச்சு வேலையை விட்டுவிடாதீர்கள்.

பலகை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால், குழிக்கு எத்தனை போட்டார்கள், எங்கே நிறுத்தினார்கள், தோற்றவர் அடுத்த ஆட்டத்தை எப்படித் தொடங்கினார் என்று கேட்டு ஊர்ப் பெயரோடு எழுதி வையுங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.