கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி...

பொட்டி தட்டுற வேலையில ஒருத்தன் சேர்ந்துட்டான்னா போதும், சொந்தக்காரங்க வீட்டுல பிளக் போட்டு ஓடுற அத்தனைக்கும் அவன்தான் டாக்டர். பிரிண்டர்ல இங்க் தீர்ந்தாலும் நமக்குத்தான் போன் வரும். "நான் ஆபீசுல புடுங்குறது வேற ஆணிங்க"ன்னு சொன்னா, "அதுவும் கம்ப்யூட்டர்தானே தம்பி"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. எஞ்சினியரிங் படிச்ச மக்கள் எல்லாருக்கும் இந்தக் கொடுமை தெரிஞ்சிருக்கும் :-)

அப்படி ஓசியில டாக்டர் வேலை பார்த்ததுல யோசிக்க வெச்ச ஒரு மேட்டர்தான் இந்தப் பதிவு. பொட்டியில ஒரு கோளாறு. அதைத் தானா சரி பண்ற மருந்தை கம்பெனிக்காரன் இன்னும் அனுப்பலை. ஆனா ஹார்ட் டிஸ்க்கைப் பிரிச்சு நாமளே கையால சரி பண்ண ஒரு வழி ஊரெல்லாம் சுத்துது. செய்யலாமா, காத்திருக்கலாமா?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2024 ஜனவரி 9ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கு கேபி 5034441ன்னு ஒரு பாதுகாப்பு அப்டேட் விட்டாங்க. விண்டோஸ் படுத்துட்டா எழுப்புறதுக்குன்னு டிஸ்க்ல ரெக்கவரி பார்ட்டிஷன்னு ஒரு சின்னத் துண்டு ஒதுக்கி வெச்சிருப்பாங்க. அந்தத் துண்டுக்கான அப்டேட் இது. உள்ளே போக அந்தத் துண்டுல 250 எம்பி காலியா இருக்கணும். உலகம் முழுக்க ஏகப்பட்ட பொட்டிகள்ல அவ்வளவு இடம் இல்லை. விளைவு, 80070643ன்னு முடியுற ஒரு பிழை எண். திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், திரும்பத் திரும்ப சிவப்பு எழுத்துல தோத்துப் போகும்.

மைக்ரோசாஃப்டே கையால செய்யுற வழியை வெளியிட்டாங்க. சி டிரைவை 250 எம்பி சுருக்கு, பழைய ரெக்கவரி துண்டை அழி, பெருசா புதுத் துண்டு உருவாக்கு. எல்லாம் டிஸ்க்பார்ட்ங்கற கறுப்புத் திரையில, கட்டளை அடிச்சு. செய்யுறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்துக்கோங்கன்னும் எச்சரிச்சிருந்தாங்க. அந்த வரி நிறைய பேரு கண்ணுல படவே இல்லைங்கறதுதான் சோகம்.

அந்த வாரம்தான் பொங்கல் லீவுக்கு திருப்பூர் போயிருந்தேன். பொங்கலுக்கு எங்க ஊரு எப்படி இருக்கும்னு தெரியாதவங்களுக்கு: வெளியூர் ஆளுங்க எல்லாம் ஊருக்குப் போயிடுவாங்க, பனியன் கம்பெனியெல்லாம் பூட்டிக் கிடக்கும், பி.என். ரோட்டுல நடு ரோட்டுல நின்னு போட்டோ எடுக்கலாம். மாமா வேலம்பாளையம் பக்கம் சின்னதா ஒரு ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கார். முப்பது பேரு, ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் மெஷின்கள், ஒரே ஒரு கம்ப்யூட்டர். டேலி, டிசி, ஈ-வே பில், ஜிஎஸ்டி, சனிக்கிழமை சம்பளத்துக்கான பீஸ் ரேட் கணக்கு, எல்லாம் அந்த ஒத்தைப் பொட்டிக்குள்ளதான்.

"ஏந்தம்பி, தெனமும் செவப்பா வந்து நிக்குது. கடைப் பையன் வீடியோ பாத்து பத்து நிமிசத்துல பண்டித் தர்றேங்கறான். பண்டச் சொல்லிரட்டுமா?"

"வேண்டாங் மாமா. என்ன பண்டுவான்னு மொதல்ல சொல்றேன், கேளுங்க."

மாமா யூனிட் போடுறதுக்கு முன்னாடி பதினஞ்சு வருஷம் கட்டிங் மாஸ்டர். அதனால டிஸ்க்பார்ட்டை அவருக்குப் புரிய வைக்கிறது சுலபமா போச்சு. டிஸ்க்குங்கறது டேபிள் மேல விரிச்ச துணி. பார்ட்டிஷன்கள் அதுமேல மார்க் பண்ண துண்டுகள். டிஸ்க்பார்ட்டுங்கறது கட்டிங் மெஷின். என்ன ஒண்ணு, அதுல துண்டுகளோட பேரு தெரியாது. பார்ட்டிஷன் பட்டியலைக் கேட்டா சி, டின்னு டிரைவ் எழுத்தெல்லாம் காட்டாது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர், என்ன வகை, எவ்வளவு அளவு, எங்க ஆரம்பிக்குது, அவ்வளவுதான். நம்மூர் கடையில பொட்டி அசெம்பிள் பண்ணும்போது சி தனி, டி தனின்னு பிரிச்சுக் குடுப்பாங்க. டேலி டேட்டா எல்லாம் டில இருக்கும். ரெக்கவரி துண்டு பல பொட்டிகள்ல அதுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கும். 3ன்னு அடிக்கிறதுக்குப் பதிலா 4ன்னு அடிச்சா போச்சு. அழிக்கிற கட்டளை "நிஜமாவா?"ன்னு ஒரு வார்த்தை கேக்காது.

"அப்ப கத்தி வெச்சா வெச்சதுதானா?"

"ஆமாங் மாமா. வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு."

"அப்ப வேண்டாஞ்சாமி. அந்தச் செவப்பு பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது."

அடுத்து அவரு கேட்ட கேள்விதான் முக்கியமானது. "சரி, அதைப் போடாட்டி நமக்கு என்னதான் ஆகும்?"

சிவப்பைப் பார்த்துப் பதறுற நம்மில் முக்கால்வாசிப் பேர் இதைக் கேக்குறதே இல்லை. அந்த அப்டேட் அடைக்க வந்த ஓட்டை, பிட்லாக்கர்னு டிஸ்க்கையே பூட்டி வைக்கிற வசதியில இருந்த ஓட்டை. அதைப் பயன்படுத்தணும்னா திருடன் நேர்ல வந்து பொட்டியில கை வைக்கணும். மாமா பொட்டியில பிட்லாக்கரே போடலை. பூட்டே இல்லாத கதவுக்கு பூட்டு ரிப்பேர் பண்ண செவுத்தை இடிக்கிற கதை. தப்பான துண்டு அழிஞ்சா, முப்பது பேரோட வாரச் சம்பளக் கணக்கு போயிடும். ரெண்டு தட்டையும் தராசுல வெச்சுப் பார்த்தா பதில் தானா வந்துடுது.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. அதே மாசக் கடைசியில மாமாவுக்குத் தெரிஞ்ச ஒரு பிரிண்டிங் யூனிட்ல, வீடியோவை ஓட விட்டுக்கிட்டே இதைச் செஞ்சிருக்காங்க. நம்பர் ஒண்ணு மாறிப்போச்சு. டி டிரைவ் காலி. பதட்டத்துல அதே இடத்துல புதுசா பார்ட்டிஷன் போட்டு, ஃபார்மட் பண்ணி, ஃபைல்களையும் காப்பி பண்ணிட்டாங்க. கை வைக்காம அப்படியே நிறுத்தியிருந்தா பெரும்பாலானதைத் திரும்ப எடுத்திருக்கலாம். மேல எழுதினதும் பாதி போச்சு. அந்த வாரம் சம்பளம் எப்படிப் போட்டாங்க தெரியுமா? வேலை செஞ்சவங்க ஆளாளுக்கு பீஸ் கணக்கு எழுதி வெச்சிருந்த கையடக்க நோட்டை வாங்கிப் பார்த்து. ஓனர் நல்ல மனுஷன், நோட்டுல இருந்ததை அப்படியே ஒத்துக்கிட்டார். நோட்டு எழுதாத ரெண்டு மூணு பேருக்குத்தான் தகராறு. எத்தனை அடிச்சோம்னு அவங்களுக்கே ஞாபகம் இல்லை. ஓனர் ஒரு தொகை சொன்னார், அவங்க ஒரு தொகை சொன்னாங்க, நடுவுல முடிஞ்சது. யாரோட காசு எவ்வளவு போச்சுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது.

அப்புறம் அந்த அப்டேட் என்னாச்சு? இதுதான் டமாசு. தானா சரி பண்ற தீர்வு வராது, கையாலதான் செய்யணும்னு மைக்ரோசாஃப்ட் இடையில சொன்னாங்க. கடைசியில 2024 ஆகஸ்ட் 13 அன்னிக்கு பழையதை எடுத்துட்டு கேபி 5042320ன்னு வேற ஒண்ணு விட்டாங்க. போதுமான இடம் இல்லாத பொட்டிக்கு அது வரவே வராது. அதாவது ஓட்டை அடைபடலை, சிவப்பு எழுத்து மட்டும் நின்னுச்சு. அந்தச் சிவப்பைப் போக்கத்தான் ஏழு மாசமா பலபேரு டிஸ்க்கை வெட்டிக்கிட்டு இருந்தாங்க. அவ்வ்வ்.

இதனால கையால எதையுமே தொடாதீங்கன்னு சொல்ல வரலை. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு தப்பான ஃபைலால சுமார் 85 லட்சம் விண்டோஸ் பொட்டிகள் நீலமாகி நின்னுச்சு. நம்ம ஏர்போர்ட்டுகள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் குடுத்தாங்க. அங்கே சேஃப் மோடுல போய் சி-00000291ன்னு ஆரம்பிக்கிற ஃபைலை ஆளு வெச்சு அழிச்சதுதான் சரி. ஏன்னா பொட்டி ஏற்கனவே படுத்தாச்சு, அழிக்க வேண்டியது பேரு தெரிஞ்ச ஒரே ஒரு ஃபைல். அங்கேயும் பிட்லாக்கர் போட்டவங்க 48 இலக்கச் சாவியைத் தேடி அலைஞ்சாங்க.

அதே மாதிரி "எதையும் போடாம சும்மா இருப்போம்"னும் இருக்க முடியாது. 2017 மார்ச் 14லயே பேட்ச் வந்தும் போடாம விட்டவங்களைத்தான் மே 12ஆம் தேதி வான்னாக்ரை புடிச்சது. அது நெட்வொர்க் வழியா வந்தது, யாரும் நேர்ல வந்து கை வைக்கத் தேவையே இல்லை.

மைக்ரோசாஃப்ட் குடுத்த வழியும் அதிகாரப்பூர்வ வழிதானே, அதுல என்ன பயம்னு கேக்கலாம். செய்முறை வேற, தீர்வு வேற. தானா ஓடுற தீர்வு உங்க டிஸ்க்கைப் பார்த்துட்டு, ஒத்து வரலைன்னா ஒதுங்கிக்கும். செய்முறைக்கு உங்க டிஸ்க்ல எது எங்க இருக்குன்னு தெரியாது. அதைப் பார்க்க வேண்டிய கண்ணு நம்ம கண்ணுதான்.

அதனால கை வைக்கச் சொல்லி யாராச்சும் கேட்டா நான் இப்ப நாலு கேள்வி கேக்குறேன். பொட்டி இப்ப ஓடுதா, படுத்துடுச்சா? அந்த ஓட்டை நம்ம பொட்டிக்குப் பொருந்துமா, தூரத்துல இருந்தே ஒருத்தன் உள்ளே வர முடியுமா? செய்யுறதைத் திருப்ப முடியுமா? பேக்கப்பை வேற பொட்டியில போட்டுத் திறந்து பார்த்தாச்சா? எல்லாத்துக்கும் பதில் இருந்து கை வைக்கிறதா முடிவானா, யூபிஎஸ் போட்டுக்கோங்க, வேலையை ஆரம்பிக்கும் முன்னாடி பேக்கப் டிஸ்க்கைக் கழட்டி பீரோவுல வைங்க. அது சொருகியே இருந்தா டிஸ்க்பார்ட் அதையும் ஒரு நம்பராத்தான் காட்டும்.

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிஞ்சாச்சு. திருப்பூர்ல நான் பார்த்த யூனிட்கள்ல பாதிக்கு மேல இன்னும் அதுதான் ஓடுது. இனிமே கம்பெனி மருந்து குறையும், கை வைத்தியம் பெருகும். சனிக்கிழமைக்கு முன்னாடி அந்த பீஸ் ரேட் ஃபைலை மட்டுமாவது ஒரு பென் டிரைவுல காப்பி பண்ணி வைங்க மக்களே. ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.