கடைசியா கை காட்டினவனுக்கே கமிஷன்

பொட்டி தட்டுற வேலையில இருக்கறதால நண்பர் ஒருத்தர் கேட்டார். "கேமரா பத்தி மாங்கு மாங்குன்னு எழுதறேன். படிச்சுட்டு வாங்கினேன்னு மெயிலும் வருது. கமிஷன் மட்டும் ஏன்யா வரமாட்டேங்குது?"

நியாயமான கேள்விதான். மேட்டர் என்னன்னா, அஃபிலியேட்ங்கறது தரகு வேலை. அமேசான் இதை 1996லயே ஆரம்பிச்சுட்டாங்க. தளம் வச்சிருக்கற உங்களுக்கு ஒரு அடையாளக் குறி தருவாங்க. அது நீங்க கொடுக்கற சுட்டியில ஒட்டியிருக்கும். யாராவது சொடுக்கினா, 'இவரை அனுப்பினது இன்னார்'னு அவர் பிரவுசர்ல ஒரு குக்கி உட்கார்ந்துக்கும். அமேசான்ல அதுக்கு ஆயுசு 24 மணி நேரம். அதுக்குள்ள கேமராவை விட்டுட்டு குக்கர் வாங்கினாலும் பெரும்பாலும் உங்களுக்கு கமிஷன் உண்டு. வாங்கறவருக்கு இதனால விலை கூடாது. பொருளைத் திருப்பி அனுப்பிட்டா கமிஷனும் கோவிந்தா!

வில்லங்கம் இனிமேதான். பெரும்பாலான திட்டங்கள்ல கடைசி சொடுக்குக்குத்தான் காசு. உங்க விமர்சனத்தைப் படிச்சு முடிவெடுத்தவர், பணம் கட்டறதுக்கு முன்னாடி கூப்பன் தேடி வேற தளத்துக்குப் போய் அங்கே ஒரு சொடுக்கு சொடுக்கினா போதும். கமிஷன் அவங்களுக்கு. அமேசான்ல மூணு நாள் யோசிச்சு வாங்கினாலும் பெரும்பாலும் உங்களுக்குப் பட்டை நாமம்தான்.

2024 டிசம்பர்ல மெகாலேக்ங்கற யூட்யூபர் ஒரு குண்டைப் போட்டார். 2020ல பேபால் கைக்குப் போன ஹனிங்கற கூப்பன் எக்ஸ்டென்ஷன், பணம் கட்டற நேரத்துல மத்தவங்க குறியை எடுத்துட்டு தன்னோடதை வச்சுக்குதுன்னு குற்றச்சாட்டு. வழக்குகள் பாய்ஞ்சுது. 2025 மார்ச்ல கூகிளும் குரோம் எக்ஸ்டென்ஷன் விதிகளை இறுக்குச்சு. பயனருக்குப் பலன் எதுவும் தராம அஃபிலியேட் குறியைச் செருகக்கூடாதுன்னு.

எனக்கு உறுத்தறது வேற. 'இதை வாங்காதீங்க'ன்னு எழுதினா அதுக்குக் கமிஷன் பூஜ்யம். காசை மிச்சம் பண்ணிக் கொடுத்தவனுக்கு ஒண்ணும் கிடையாது. 'டாப் 10'னு பட்டியல் போட்டு பத்தையும் புகழ்றவனுக்குத்தான் யோகம். அப்புறம் தேடினா பட்டியலா வந்து விழாம என்ன செய்யும்?

அதனால நான் ரெண்டு விஷயம் பண்றேன். எதுல குறையும் சொல்லியிருக்காங்களோ அதை மட்டும் நம்பறேன். வாங்கற அன்னிக்கு அந்தப் பக்கத்துக்கே திரும்பப் போய், அவங்க சுட்டி வழியா உள்ளே நுழையறேன். எனக்கு ஒரு நிமிஷம்தான் செலவு. எழுதினவருக்குச் சேர வேண்டியது அவருக்கே போகட்டுமே.

டிஸ்கி: இதுல ஒரு அஃபிலியேட் சுட்டிகூட கிடையாதுங்கோ :-)