மறக்காத பெட்டி



உங்கள் இறுதியாண்டு புராஜெக்ட் ரிப்போர்ட் இப்போது எங்கே இருக்கிறது? நம்மில் முக்கால்வாசிப் பேர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவோம். உள்ளே ஒரு பென்டிரைவ்! மீதிப் பேர், "லேப்டாப்புல பத்திரமா இருக்குடா" என்போம். ஒரே இடத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கும் பொருள் பாதி தொலைந்த பொருள் என்பது என் கருத்து. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் வளவின் முன்னறை.

எங்கள் ஊர் சங்கரன்கோவில். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஒரே வளவில் குடியிருக்கும் பெரியப்பா மகன், என் அண்ணன், எட்டாவதோடு நின்றவர். ஆனால் கேமரா பிடித்தால் கல்யாண வீடே அவர் சொன்னபடி நிற்கும்! முன்னறைதான் அவருடைய ஸ்டூடியோ. கல்யாணம், சடங்கு வீடு, காதுகுத்து என்று அத்தனை படங்களும் அங்குள்ள ஒரே கம்ப்யூட்டரில்.

2024 ஆவணியில் ஒரு நாள் அந்தக் கம்ப்யூட்டர் 'டிக்... டிக்...' என்று சத்தம் போட்டது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிஷத்துக்கு 7200 சுற்று, அதாவது ஒரு விநாடிக்கு 120 சுற்று சுற்றுகிறது. அதற்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் தலை மிதக்கிறது. அந்தத் தலை தட்டில் உரசினால் கதை முடிந்தது. மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். "நாற்பதாயிரம் ஆகும், வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்றார்கள்.

போனது பதினோரு கல்யாணம். அதில் ஒரு வீட்டில், பெண்ணின் அப்பா வைகாசியில் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு ஆடியில் இறந்துபோனார். அந்தப் பெண் தாயாரோடு வந்து வாசலில் நின்றது. அண்ணன் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "பணத்தைத் திருப்பிக் கொடுத்திரலாம் தம்பி. அந்த மனுசன் சிரிச்ச மொகத்த எங்கேருந்து கொடுக்க?"

அண்ணன் நகல் எடுக்காத ஆள் இல்லை. தனியாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வைத்திருந்தார். கடைசியாக அதில் ஏற்றியது பங்குனியில். சித்திரை, வைகாசி, ஆனி முழுக்க முகூர்த்தம். ஆடியில் எடுக்கலாம் என்று நினைத்தார். ஆடித்தபசுக் கூட்டம் வந்தது, பிரேம் ஆர்டர் வந்தது, நாள் ஓடிவிட்டது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்! வேலை இல்லாத மாதத்தில் நகல் எடுக்க நேரம் உண்டு, எடுக்கப் படம் இல்லை. வேலை உள்ள மாதத்தில் படம் உண்டு, நேரம் இல்லை. மனுஷன் ஞாபகத்தை நம்பி எடுக்கும் நகல், மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் இருக்காது.

பெரிய இடத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, தவறாகக் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை படத்தின் பெரும்பகுதியை அழித்துவிட்டது. பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அதுவும் ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை! கேலின் சஸ்மன் என்ற அம்மையார் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தபடி வேலை பார்த்ததால், அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. அதனால்தான் படம் பிழைத்து 1999-ல் திரைக்கு வந்தது.

ஆக, நகல் தானாக நடக்க வேண்டும். நடந்ததா என்று நமக்குத் தெரியவும் வேண்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்து வேலையைத் தொடங்கினோம்.

அண்ணனின் பழைய கம்ப்யூட்டர் ஒன்று பரணில் கிடந்தது. அதைத் துடைத்து, டெபியன் லினக்ஸ் ஏற்றி, 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் ஒன்று புதிதாக வாங்கிப் போட்டோம். லினக்ஸ் இலவசம், ஆனால் டிஸ்க் ஒன்பதாயிரத்துச் சொச்சம். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏல, படம் பிடிக்காது, பாட்டுப் படிக்காது, இந்தக் காலி டப்பாவுக்கா இம்புட்டு ரூவா?"

"அப்பா, நம்ம வீட்டுப் பத்திரத்த ஜெராக்ஸ் எடுத்துக் கோவில்பட்டி அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில எதுக்கு வச்சிருக்கீங்க?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இதையும் அத்த வீட்டுல ஒண்ணு வைக்கணும்லா?" என்றார். நண்பர்களே, கம்ப்யூட்டர் உலகில் இதற்கு 3-2-1 விதி என்று பெயர். மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த என் அப்பா அதன் கடைசிப் பகுதியைத் தானே சொல்லிவிட்டார்!

அடுத்தது வேகம். மொத்தப் படங்கள் 600 ஜிகாபைட். வீட்டு ரௌட்டரின் துளைகள் விநாடிக்கு 100 மெகாபிட். எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். அந்தக் கணக்கில் 48,000 விநாடி, அதாவது 13 மணி 20 நிமிடம்! ஜிகாபிட் சுவிட்ச் ஒன்றும் நல்ல கேபிளும் போட்டால் பத்தில் ஒரு பங்கு, 80 நிமிடம். இது ஏட்டுக் கணக்கு. டிஸ்க்கின் வேகமும் சேர்ந்து இழுப்பதால் நடைமுறையில் கூடத்தான் ஆகும். முதல் தடவைதான் இந்தப் பாடு. அடுத்த நாளிலிருந்து புதிதாக வந்ததும் மாறியதும் மட்டும்தான் போகும்.

இந்த வேலையைச் செய்வது 'ஆர்சிங்க்' என்னும் மென்பொருள். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ் இருவரும் 1996-ல் வெளியிட்டது. அதைக் குறித்த நேரத்தில் எழுப்பிவிடுவது 'க்ரான்'. எல்லோரும் இரவு இரண்டு மணி வைப்பார்கள். எங்கள் வீட்டில் இரவில் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார்கள். ஆகவே அண்ணன் சாப்பிடப் போகும் பகல் ஒன்றரை மணிக்கும், கடை அடைக்கும் முன் இரவு எட்டரைக்கும் வைத்தேன். ரௌட்டரில் இரண்டு கம்ப்யூட்டருக்கும் மாறாத ஐ.பி. முகவரி ஒதுக்கினேன். முகவரி மாறினால் தபால்காரர் என்ன செய்வார், பாவம்!

முக்கியமான விஷயம் ஒன்று. கம்ப்யூட்டர் போய்ப் பெட்டியில் எழுதுவதில்லை. பெட்டிதான் வந்து எடுத்துக்கொள்கிறது. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற பணம் பறிக்கும் வைரஸ் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது நினைவிருக்கலாம். அந்த மாதிரி வைரஸ் எழுத அனுமதி உள்ள எல்லா இடத்தையும் நாசமாக்கும். எங்கள் பெட்டியில் எழுதும் அனுமதி அண்ணனின் கம்ப்யூட்டருக்குக் கிடையாது. பழைய நகல்களைத் தன் மேசையிலிருந்தே பார்க்க மட்டும் 'சம்பா' மூலம் வழி வைத்திருக்கிறோம். (சம்பா என்றால் அரிசி இல்லை நண்பர்களே, அதுவும் மென்பொருள்தான்!)

இன்னொன்று. கண்ணாடி மாதிரி அப்படியே பிரதிபலிக்கும் நகல் போதாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் 'ரெய்டு' முறைக்கும் இதே குறைதான். ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் தேதி போட்டு ஒரு போல்டர். மாறாத பைல்களுக்கு ஹார்டு லிங்க் மட்டும் போடுவதால் இடம் அடைப்பதில்லை.

இதன் அருமை 2025 தை மாதத்தில் தெரிந்தது. விடியற்காலை நாலு மணிக்கு ஒருவர் கதவைத் தட்டினார். அவர் வீட்டு ஆச்சி இரவில் தவறிவிட்டார். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் வேண்டும். ஆச்சி தனியாகப் படம் எடுத்துக்கொண்டதே இல்லை. கார்த்திகையில் பேத்தி கல்யாணத்தில் மணமக்கள் பக்கத்தில் நின்றதுதான் ஒரே படம். ஆனால் பேனருக்காக மணமக்களை மட்டும் வெட்டி எடுத்து, அதே பெயரில் சேமித்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் இருந்த படத்தில் ஆச்சியின் தோள் மட்டும் தெரிந்தது. மெமரி கார்டும் எப்போதோ அழிந்துவிட்டது.

பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்கு மறுநாள் தேதியிட்ட போல்டருக்குப் போனேன். முழுப்படம் இருந்தது! பாம்படம் ஆட, பொக்கை வாய் திறந்து சிரிக்கிறார் ஆச்சி. வந்தவர் திரையைத் தொட்டு, "எங்க ஆத்தா..." என்றார். அண்ணன் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். ஏழு மணிக்குத் தெருவில் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. அப்பா அதைப் பார்த்துவிட்டு வந்து, தறிக்குக் கிளம்பும்போது, "டப்பா காலியில்ல போலயே" என்று மட்டும் சொன்னார். முதல் செமஸ்டரில் நான் பாஸான அன்றுகூட அவர் இவ்வளவு பேசவில்லை!

இப்போதும் தினமும் இரண்டு தடவை என் செல்லுக்கு 'முடிந்தது' என்று ஒரு வரி வரும். வராவிட்டால் அண்ணனுக்குப் போன் போடுவேன். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கல்யாணத்தைப் பெட்டியிலிருந்து திரும்ப எடுத்து, படங்கள் திறக்கின்றனவா என்று பார்ப்போம். திறந்து பார்க்காத நகலை நகல் என்று சொல்லாதீர்கள். அத்தை வீட்டு டிஸ்க்கும் மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வந்து போகிறது.

நண்பர்களே, பெட்டி வாங்க வசதி இல்லையென்றாலும் பரவாயில்லை. ஹாஸ்டல் அறையில் நாலு பேர் இருந்தால் ஒருவர் லேப்டாப்பில் மற்றவர் ரிப்போர்ட் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்யலாம். அதைக் கையால் செய்யாமல் கடிகாரத்திடம் ஒப்படையுங்கள். நாம் படிக்கும் நெட்வொர்க் பாடம் பரீட்சைப் பேப்பரோடு முடிவதில்லை. நம் தெருவில் யாரோ ஒருவரின் சிரித்த முகம் எங்காவது ஒரே ஒரு டிஸ்க்கில் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு இரண்டாவது இடம் ஒன்று அமைத்துக் கொடுக்க நம்மால் முடியும். இந்த வாரமே செய்வோமா?

– மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல் பிரிவு