ஜின்கள் குடியேறிய ஊர்

வெள்ளி, இரவு

ராஸ் அல் கைமா நகருக்குத் தென்மேற்கே கடலோரத்தில் பாழாய்க் கிடக்கும் ஜசீரா அல் ஹம்ராவைக் காணப் புறப்படுகிறேன் என்றதும், அறையில் உடன் வசிக்கும் கீழக்கரை அன்பர், “போறது சரி, மஃரிபுக்கு முந்தித் திரும்பிடுங்க” என்றார். பொழுது சாய்ந்தபின் அவ்வூர் ஜின்களுக்குச் சொந்தம் என்பது இத்தேசத்தில் சர்வசாதாரணமான நம்பிக்கை. ஹாலிவுட் இயக்குநர் டோப் ஹூப்பரும் அந்தப் பிரசித்தியைப் பற்றிக்கொண்டே ‘ஜின்’ என்ற படத்தை எடுத்தார்.

சனி, மத்தியானம்

பவளக்கற்களை அடுக்கி எழுப்பிய சுவர்களும், காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் கோபுரமும், பள்ளிவாசலும், கோட்டையும், ஆக முத்துக்குளிப்பால் செழித்த ஓர் ஊரின் அங்கங்கள் பலவும் மிஞ்சியிருக்க, மனிதர் மாத்திரம் இல்லாத அந்தச் சந்துகளில் நடக்கையில் தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம் ஞாபகத்துக்கு வந்தது. தனுஷ்கோடியை 1964இல் புயல் கொண்டுபோயிற்று. இங்கே அப்படியொரு பிரளயம் நேரவில்லை. ஜப்பானிய மிக்கிமோட்டோவின் வளர்ப்பு முத்தும், 1930களின் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து வளைகுடாவின் முத்து வியாபாரத்தை க்ஷீணிக்கச் செய்தன. பின்னர் ஆட்சியாளருடன் உண்டான பிணக்கினால், 1968இல் இவ்வூரில் வாழ்ந்த ஸஆப் குலத்தார் அபுதாபிக்குப் பெயர்ந்தார்கள். ஜனங்கள் போன பிறகுதான் ஜின்களின் கீர்த்தி பரவியது என்றே நினைக்கிறேன்.

சனி, இரவு

முத்துக்குளித்த காலத்துக் கதைகள் வேறு ஜாதி. வாசனை வீசும் பேரழகியாய் வந்து, மயங்கியவனை அரிவாளால் வெட்டும் உம்மு துவைஸ் நம் மோகினிக்குச் சகோதரி முறை. மூழ்குகிறவன்போல் கதறி, காப்பாற்ற வந்தவனைக் கடலுக்குள் இழுக்கும் பூ தர்யாவோ மாலுமிகளின் பூதம். படகுத் தலைவனான நோக்கதாவிடம் முன்பணம் வாங்கி, அந்தக் கடனை மகனுக்கும் விட்டுச் சென்ற முக்குளிப்பவனுக்கு எது அதிக பயங்கரம் என்று அன்பரைக் கேட்டேன்.

“கடன்தான், பூதத்துக்கு மந்திரமாவது உண்டே” என்றார்.

வாஸ்தவம். நம் மன்னார்க் கடலிலும் சுறாவைக் கட்டும் மந்திரக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். வளைகுடாக்காரர்கள் சிக்கனக்காரர்கள்: “சுத்தியலும் ரம்பமும் கொண்டு வா” என்று படகிலிருந்து கூவினால் பூ தர்யா ஓடிவிடும் என்பார்கள்.