எந்தப் புஸ்தகம் வாங்குவது?

குழந்தையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு விஞ்ஞானம் சொல்லித் தருவது நேற்றுக் கிளம்பிய நாகரிகம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. லண்டனில் ஜேன் மார்செட் என்ற அம்மாள் 1806-ல், தன் பெயரைக்கூடப் போடாமல், ரசாயனத்தைப் பற்றி ஒரு புஸ்தகம் வெளியிட்டாள். ஓர் அம்மாளும் இரண்டு சிறு பெண்களும் பேசிக்கொள்கிற பேச்சுத்தான் புஸ்தகம் முழுவதும். புஸ்தகம் பைண்டு செய்கிற கடையில் வேலை பழகிக்கொண்டிருந்த ஒரு கொல்லன் மகன் அதைப் படித்தான். படித்ததோடு விட்டானா? அதில் எழுதியிருப்பது நிஜந்தானா என்று கையில் கிடைத்த சாமான்களை வைத்துச் சின்னச் சின்னதாகச் செய்தும் பார்த்தான். பையன் பெயர் மைக்கேல் பாரடே.

இது ஞாபகம் வந்ததற்குக் காரணம் என் தங்கையின் பெண். தன் 10 வயதுக் குழந்தையை அவள் இந்த வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாள். அங்கே என்ன நடந்தது என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். தினமும் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுத குழந்தை இப்போது அழுவதில்லை.

"மாமா, தமிழும் கணக்கும் நான் பார்த்துக்கொள்வேன். விஞ்ஞானந்தான் பயமாக இருக்கிறது. நான் பி.காம். படித்தவள். அது ஏதாவது கேட்டு, எனக்குப் பதில் தெரியாவிட்டால்?" என்றாள்.

அவள் கணவருக்கு வேறு பயம். நாளைக்கு ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களா என்று. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. அதுவும் வேண்டாமென்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது நிரம்பினால் அதன் வழியாகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். இதையெல்லாம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பயம் போனதாகத் தெரியவில்லை. தகப்பனாருக்குச் சட்டம் சொல்லி ஆறுதல் உண்டா?

மேஜை மேல் இரண்டு புஸ்தகங்கள் இருந்தன. ஒன்று கனமானது, வழவழப்பான காகிதம், வர்ணப் படங்கள், ஒவ்வொரு கேள்விக்கும் பின்பக்கத்தில் விடை. விலையும் அதற்குத் தக்கபடிதான். மற்றொன்று பம்பாயிலுள்ள ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையத்தார் ஆரம்ப வகுப்புகளுக்காகத் தயாரித்த 'ஸ்மால் சயின்ஸ்'. மினி, அப்பு என்று இரண்டு குழந்தைகள் எதையாவது பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டே போகிறார்கள். நம்மவளுக்கு மனம் கனமான புஸ்தகத்தின் பக்கமே சாய்ந்தது. விடை இருக்கிறதே!

அதைப் பிரித்து, மெழுகுவர்த்திப் பாடத்தைச் செய்து பார்க்கச் சொன்னேன். உங்களுக்கும் தெரிந்திருக்கும். தட்டில் தண்ணீர் விட்டு, நடுவே மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடித் தம்ளரைக் கவிழ்க்க வேண்டும். சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. காற்றில் 5-ல் ஒரு பங்கு பிராணவாயு, அது எரிந்துபோன இடத்துக்குத் தண்ணீர் வருகிறது என்று புஸ்தகம் சொல்லிற்று. அழகான விடை. பரீட்சையில் முழு மார்க்கு.

"மூணு மெழுகுவர்த்தி வச்சா?" என்றது குழந்தை.

வைத்தோம். சுடர்கள் சீக்கிரமே அணைந்தன. ஆனால் தண்ணீர் முன்னைவிட மேலே ஏறிவிட்டது! தம்ளர் அதேதான், காற்றும் அதே அளவுதான். மூன்று திரி வைத்ததால் பிராணவாயு கூடிவிடுமா? குழந்தை எங்கள் முகத்தைப் பார்த்தது. அதன் தாயார் பின்பக்கத்தைப் புரட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை.

மறுபடி செய்தபோது, தம்ளரைக் கவிழ்த்ததும் விளிம்பில் குமிழிகள் வெளியே வருவதைக் குழந்தைதான் முதலில் கண்டது. சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் தப்பித்துக்கொள்கிறது. சுடர் அணைந்து உள்ளே ஆறியதும் மீதிக் காற்று சுருங்க, தண்ணீர் ஏறுகிறது. சுடர் அணையும்போது பிராணவாயு முழுவதும் தீர்ந்துவிடுவதும் இல்லை. இவ்வளவையும் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் ஆயிற்று. சமையலறையில் குழம்பு அடிப்பிடித்தது தனிக் கதை.

கேள்வி மட்டும் உள்ள புஸ்தகத்தை வாங்கு என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். அது தாயாருடைய பொழுதைத் தின்கிற புஸ்தகம். விடைப் புஸ்தகம் வாங்குகிறவர்கள் அறியாமையால் வாங்குவதாக நான் நினைக்கவில்லை. பாதிப் பேர் களைப்பினால் வாங்குகிறார்கள். ஆனாலும் விடை தெரியாத தாயாரும் கேள்வி கேட்கிற பெண்ணும் ஒரே தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்களே, அதைப் பார்த்தபின் எனக்கு வேறு அபிப்பிராயம் சொல்ல வாய் வரவில்லை.

கடைசியில் 'ஸ்மால் சயின்ஸ்' பாடமாயிற்று. கனமான புஸ்தகமும் வீட்டில்தான் இருக்கிறது. குழந்தை ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் 'புக் சொன்னது', வலது பக்கம் 'நான் பார்த்தது' என்று எழுதி வருகிறது. இப்போது சந்திரன் நடக்கிறது. தினம் ஏறக்குறைய 50 நிமிஷம் தாமதமாக உதிக்கும் என்பது இடது பக்கம். பௌர்ணமி கழிந்துவிட்டதால் வலது பக்கத்தை நிரப்ப நாளுக்கு நாள் அதிகம் கண்விழிக்க வேண்டியிருக்கிறது. மாடிப்படியில் விளக்கு இல்லை. நேற்று ஒரு டார்ச் விளக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். முதலில் எடுத்துக்கொண்டு மேலே போனவர் குழந்தையின் தகப்பனார்.