வெட்கம் தந்த வேதனை

2017-ம் வருஷம் ஆடி மாதம். மூத்தவனுக்கு ஒன்றேகால் வயசு. இன்னும் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு மறுபடி நாள் தள்ளிப்போய், இரண்டு மாதம் என்று உறுதியாயிற்று.

"வயித்துல ஒண்ணு இருக்கறப்போ பால் கொடுத்தா மூத்ததுக்குச் சீக்கு வரும். இன்னியோட நிறுத்திடும்மா" என்றார் என் மாமியார். நல்ல மனசோடு சொன்னதுதான். அன்று ராத்திரியே வேப்பிலையை அரைத்துத் தடவிக்கொண்டேன். பையன் வாய் வைத்துப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்து அழுதான். நானும் அழுதேன்.

மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு இடது மார்பு கல்லாகக் கனத்தது. மல்லிகைப் பூ வைத்துக் கட்டினோம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அத்தை அழுத்தித் தேய்த்தும் விட்டார். உயிர் போகிற வலி! ஐந்தாம் நாள் குளிர் ஜுரம். மார்பில் ஓரிடம் சிவந்து நெருப்பாய்க் கொதித்தது. அக்குளில் நெறி கட்டியது.

"டாக்டர்கிட்டே போகலாம் வா" என்றார் என் கணவர். நான் மறுத்துவிட்டேன். மார்பைக் காட்ட வேண்டுமே என்ற கூச்சம் ஒரு பக்கம். மருந்து சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதே என்ற பயம் இன்னொரு பக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நாலு நாள் கிடந்தேன். ஒன்பதாம் நாள் ஜுரம் 103 டிகிரி. கைத்தாங்கலாகத்தான் ஆட்டோவில் ஏற்றினார்கள்.

டாக்டரம்மா பார்த்ததும் கேட்டார்: "மாத்திரை குழந்தைக்கு ஆகாதுன்னு பயந்தியே, இந்த ஜுரம் மட்டும் ஆகுமா? முதல் மூணு மாசத்துல ஜுரத்தை இப்படி ஏறவிடறதுதாம்மா ஆபத்து."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்து அதற்கே கெடுதல் செய்திருக்கிறேனே!

ஸ்கேன் எடுத்தார்கள். ஒலி அலையால் பார்ப்பது, அதனால் கருவுக்குக் கெடுதல் இல்லை என்றார். உள்ளே சீழ் கட்டியிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை. எந்தக் கிருமி என்று அறியச் சீழைச் சோதனைக்கு அனுப்பினார். அபூர்வமாகக் காசநோயும் இப்படிக் கட்டியாக வருமாம், அதையும் பார்த்துவிட்டார். கர்ப்பிணிகளுக்கு வெகுகாலமாகக் கொடுத்துவரும் பென்சிலின் வகை மாத்திரையும், ஜுரத்துக்குப் பாராசிட்டமாலும் தந்தார். "ஜுரம் விட்டுடுச்சுன்னு நடுவுல நிறுத்தாதே, கொடுத்ததை முழுசாச் சாப்பிடணும். வேற வலி மாத்திரை எதையும் நீயா வாங்கிச் சாப்பிடாதே" என்றார்.

அவர் விளக்கியபோதுதான் என் தப்பு புரிந்தது. தேங்கிய பாலில், காம்பு வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்தால் சீழ் பிடிக்கும். பாலை ஒரே ராத்திரியில் நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு வேளையாகக் குறைத்துச் சில வாரங்களில் மறக்கடிக்க வேண்டும். சாதாரணக் கர்ப்பத்தில் உடனே நிறுத்தவும் அவசியமில்லை. ரத்தப் போக்கோ, முன்பு குறைப்பிரசவமோ இருந்தால் டாக்டரைக் கேட்க வேண்டும். பால் கட்டினால் பாரம் குறையும் அளவுக்குக் கையால் பீய்ச்சி எடுத்து, குளிர்ந்த துணி போடலாம். அழுத்திப் பிசையவே கூடாது.

2018 மாசியில் பெண் பிறந்தாள். மூன்று கிலோ! முதல் பாலை அந்த இடது மார்பில்தான் குடித்தாள். பக்கத்தில் நின்ற அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போது தெருவில் யாருக்குப் பால் கட்டினாலும், "ஜுரம் அடிக்குதா? முதல்ல டாக்டர்கிட்டே காட்டு" என்று விரட்டுவது அவர்தான்.

சகோதரிகளே, கர்ப்பமாக இருக்கும்போது மார்பில் கட்டியோ, சிவப்போ, ஜுரமோ கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வலியில்லாத கட்டியானாலும் காட்டிவிடுங்கள். கூச்சப்பட்டு நான் பட்டது போதும்.